ஆராய்ச்சி சொல்லுகிறதாம்!

சென்ற மாதம் கம்பத்தில் ஒரு டீக்கடையில் நாம் உட்கார்ந்திருந்த சமயத்தில் நடந்த ஒரு சம்பாஷணையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்திற்கு வருகின்றோம்.

ஒரே தினசரியை நாலைந்து பேர் தாள் தாளாகப் பங்கு போட்டுப் படித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், “திராட்சை தின்றால் சர்க்கரை வியாதி அண்டாது என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்” என்று உரக்க வாசித்தார்.

“யார் செய்த ஆராய்ச்சி?” என்று கேட்டோம்.

“வெளிநாட்டு நிபுணர்கள் என்று போட்டிருக்கிறது.”

“எந்த நாடு?”

“அது போடவில்லை.”

“யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம்?”

“அதுவும் போடவில்லை.”

“பிறகு எதைக் கொண்டு நம்புகிறீர்கள்?”

“என்ன அண்ணே, ஆராய்ச்சியே சொல்லுகிறது. அதற்கு மேல் கேள்வி ஏது?”

இப்படிச் சொன்னவர் அதோடு நிற்கவில்லை. இம்மாதிரிச் செய்திகளைப் படித்துத் தாம் சாப்பிட்டு வந்த சர்க்கரை மாத்திரையைப் பதினைந்து நாளாக நிறுத்திவிட்டதாகவும், தினம் ஒரு கிண்ணம் திராட்சை தின்பதாகவும் பெருமையோடு சொன்னார். பக்கத்தில் சுருளிப்பட்டி விவசாயி ஒருவர் இருந்தார். திராட்சைப் பந்தல் போட்டுப் பிழைப்பவர். அவர் மெதுவாக, “எங்கள் பழம் விற்றால் எங்களுக்குச் சந்தோஷந்தான். ஆனால் எங்கள் அய்யா ஆயுசு பூராவும் இந்தத் தோட்டத்துப் பழத்தைத் தின்றவர். சர்க்கரையில் காலை எடுத்து, அதிலேயேதான் போய்ச் சேர்ந்தார்” என்றார். அப்புறம் கடையில் யாரும் பேசவில்லை.

தோழர்களே! அந்த மாத்திரையை நிறுத்தியது யார்? டாக்டரா? இல்லை. பூசாரியா? இல்லை. ஜோசியனா? அவனும் இல்லை. “ஆராய்ச்சி சொல்லுகிறது” என்ற இரண்டே வார்த்தைகள் அல்லவா நிறுத்தின?

முன்பெல்லாம் “சாஸ்திரம் சொல்லுகிறது” என்றால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். எந்த சாஸ்திரம், யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று கேட்டவன் பாபியானான். அந்த வாய்ப்பூட்டை உடைக்க நம் மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்றோ அதே பூட்டைச் சாயம் மாற்றிக் கொண்டுவந்து மாட்டுகின்றார்கள். சாஸ்திரத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள வித்தியாசம் என்ன? ஒன்று, கேள்வி கேட்டால் செத்துப் போகும். மற்றொன்று, கேள்வி கேட்பதனாலேயே உயிர் வாழும். அப்படியிருக்க, எவன் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக் கேள்வியை அடைக்கின்றானோ அவன் விஞ்ஞானத்தைச் சாஸ்திரமாக்குகின்றவனே ஆவான். அவன் கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, பேனா பிடித்திருந்தாலும் சரி.

திராட்சையின் யோக்கியதை

திராட்சையிலிருந்தே ஆரம்பிப்போம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல பழம், பாடுபட்டு விளைவிக்கின்றார்கள், நன்றாக விற்கட்டும். ஆனால் பழத்தை மருந்தாக்கிய கதையைக் கேளுங்கள்.

கறுப்புத் திராட்சைத் தோலில் ‘ரெஸ்வெரட்ரால்’ என்ற ஒரு பொருள் இருக்கிறது. இதைக் கொடுத்ததில் எலிகளுக்கு நன்மை உண்டானதாக 2006-ல் ஒரு முடிவு வெளிவந்ததும், உலகப் பத்திரிகைகள் எல்லாம் “ஆயுளைக் கூட்டும் அமுதம்” என்று கொட்டை எழுத்தில் போட்டன. எலிக்குக் கொடுத்த அளவை மனிதன் அடைய வேண்டுமானால் எத்தனையோ படி திராட்சை ரசம் குடிக்க வேண்டும் என்பதை எத்தனை பத்திரிகைகள் போட்டன?

பிறகு நடந்தது என்ன? இந்தப் பொருளைப் பற்றி இருதயத்திற்கு நல்லது என்று வரிசையாக எழுதிவந்த டாக்டர் தீபக் தாஸ் என்பவர், அமெரிக்காவில் கனெக்டிகட் சர்வகலாசாலையில் வேலை பார்த்தவர். அவருடைய ஆராய்ச்சிகளில் 145 இடங்களில் பொய்யும் புனைவும் இருப்பதாக அந்தச் சர்வகலாசாலையே விசாரித்து 2012-ல் வெளியிட்டது. அதற்குப் பின் 2014-ல் இன்னொரு முடிவு வந்தது. இத்தாலி தேசத்தில் திராட்சைக்குப் பேர்போன கியாந்தி சீமையில் இரண்டு ஊர்களில் 65 வயதுக்கு மேற்பட்ட 783 பேரைப் பல வருஷ காலம் கவனித்துவந்தார்கள். உணவின் மூலம் இந்தப் பொருள் உடம்பில் அதிகம் சேர்ந்தவர்கள், குறைவாகச் சேர்ந்தவர்களைவிட அதிக காலம் வாழவுமில்லை. அவர்களுக்கு இருதய நோயோ, புற்றுநோயோ குறையவுமில்லை.

“அமுதம்” என்று வந்த செய்தி நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்ததே, “அமுதமில்லை” என்ற செய்தி ஏன் வரவில்லை? வரவே வராது. ஏனென்றால் முன்னது விற்கும், பின்னது விற்காது.

தப்பு எங்கே பிறக்கிறது?

இதற்கெல்லாம் பத்திரிகைக்காரன்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டுக் கை கழுவுவது வழக்கம். அதுவும் முழு உண்மை அல்ல. வேல்ஸில் கார்டிஃப் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இதையே ஓர் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள். 20 பெரிய சர்வகலாசாலைகள் பத்திரிகைகளுக்கு அனுப்பிய 462 செய்திக் குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு வைத்துச் சரிபார்த்து, 2014-ல் வெளியிட்டார்கள். என்ன கண்டார்கள்? நூற்றுக்கு 40 குறிப்புகளில் மக்களுக்குச் சொன்ன புத்திமதி மூலத்தில் உள்ளதைவிடப் பெருக்கப்பட்டிருந்தது. 33-ல், இரண்டு காரியங்கள் சேர்ந்து காணப்பட்டன என்பதையே, ஒன்றினால் மற்றொன்று உண்டாயிற்று என்பதாகத் திரித்திருந்தார்கள். 36-ல், எலியிலும் குரங்கிலும் கண்டதை மனிதனுக்கும் அளவுமீறிப் பொருத்தியிருந்தார்கள். சர்வகலாசாலையின் குறிப்பு இப்படி மனிதன்மேல் ஏற்றிச் சொன்னபோது, பத்திரிகைச் செய்திகளிலும் நூற்றுக்கு 86 அப்படியே ஏற்றிச் சொன்னன. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 மட்டுமே அப்படிச் சொன்னன.

ஆகவே ஊற்றிலேயே சேறு கலக்கப்படுகிறது. வாய்க்காலை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்?

பத்திரிகைகளாவது வடிகட்டுகின்றனவா? அதையும் ஒருவர் பரீட்சை பார்த்துவிட்டார். ஜான் பொஹானன் என்ற பத்திரிகைக்காரர் 2015-ல் ஜெர்மனியில் வேண்டுமென்றே ஒரு மட்டமான ஆராய்ச்சியை நடத்தினார். ஆட்கள் 15 பேர். அவர்களிடம் பார்த்த கணக்குகளோ எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18. பதினெட்டுக் குறி வைத்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாகவாவது கல் படாமற் போகுமா? “சாக்லேட் தின்றால் சீக்கிரம் உடம்பு இளைக்கும்” என்று ஒரு முடிவு கிடைத்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஒரு சஞ்சிகையில் அது வெளியாயிற்று. உடனே ஜெர்மனியின் பெரிய தினசரி அதை முதல் பக்கத்தில் போட்டது. பல தேசத்துப் பத்திரிகைகள் போட்டன. நம் இந்தியாவிலும் வந்தது. பிறகு அவரே, “இது நான் வைத்த பொறி” என்று உண்மையை வெளியிட்டார். எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பொறி அன்றே உடைந்திருக்கும். கேட்கவில்லையே!

“இரண்டு மடங்கு” என்னும் பூச்சாண்டி

சில சமயம் பொய்யே சொல்லாமல் மக்களைக் கெடுக்கலாம். அதற்கும் ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். இங்கிலாந்தில் 1995 அக்டோபரில், சில புதுவிதக் கர்ப்பத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகும் என்று சர்க்காரின் மருந்துக் கமிட்டி எச்சரித்தது. பத்திரிகைகள் அலறின. பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள். உண்மைக் கணக்கு என்ன? பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புது மாத்திரையில் 7,000 பேரில் இருவருக்கு வந்தது. ஒன்று இரண்டானால் இரண்டு மடங்குதான். பொய்யில்லை. ஆனால் 7,000-ல் ஒருவர் கூடுதல் என்று சொல்லியிருந்தால் யார் பயந்திருப்பார்கள்? மறு வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருச்சிதைவுகள் அதிகமாயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரையைவிடக் கர்ப்பத்தினாலேயே இரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதை அந்தப் பெண்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

ஒரு பெண் தான் எப்பொழுது பிள்ளை பெறுவது என்பதைத் தானே தீர்மானிக்க ஏற்பட்ட சாதனத்தை ஒரு தலைப்புச் செய்தி அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டது என்றால், இது வெறும் கணக்குத் தவறா? சுதந்திரத்தைப் பறித்த காரியமல்லவா?

குழந்தைகள் கொடுத்த விலை

இன்னும் கொடுமையானது தடுப்பூசியின் கதை. 1998-ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர், 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்ற குறைபாட்டிற்கும் சம்பந்தம் இருப்பது போல் ‘லான்செட்’ என்ற பேர்போன வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார். பன்னிரண்டே குழந்தைகள்! பத்திரிகைகள் வருஷக்கணக்காக அதைத் தாளம் போட்டுப் பாடின. கடைசியில் பிரையன் டீர் என்ற ஒரு பத்திரிகைக்காரர்தான் தோண்டித் துருவி அதிலிருந்த மோசடியையும், தடுப்பூசிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போட இருந்த வக்கீல்களிடம் அந்த டாக்டர் பணம் வாங்கியதையும் வெளியே கொண்டுவந்தார். 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கியது. டாக்டரின் பெயரும் வைத்தியர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. கெடுத்ததும் பத்திரிகை, காப்பாற்றியதும் பத்திரிகை. வாபஸ் வாங்கவோ 12 வருஷம் பிடித்தது.

அந்த விஷ வித்து கடல் தாண்டிப் பல தேசங்களிலும் முளைத்தது. நம் தமிழ்நாட்டிலும் 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தபோது, அது ஆபத்தென்று வாட்ஸப்பில் வதந்தி பரவிற்று. படித்த பெற்றோர்களே பள்ளிக்கூடத்திற்குச் சீட்டு எழுதி “எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்” என்றார்கள். மாத முடிவில் முடிய வேண்டிய காரியத்தை மார்ச் வரை நீட்ட வேண்டியதாயிற்று. தடுப்பூசி வருவதற்கு முன் தட்டம்மையால் உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 26 லட்சம் பேர் செத்தார்கள் என்பதும், ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் பிள்ளை செவிடாகவோ குருடாகவோ இருதயக் கோளாறோடோ பிறக்கலாம் என்பதும் வதந்திக்கு முன்பே வீடுதோறும் போய்ச் சேர்ந்திருந்தால், வதந்திக்கு இடமேது?

பொட்டிப்புரத்துப் பாடம்

வெளியூர்க் கதை போதும். நம் தேனி ஜில்லாவுக்கே வருவோம். பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட, 2015 ஜனவரியில் மத்திய சர்க்கார் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு அனுமதி கொடுத்தது. உடனே, கதிர்வீச்சு வரும், புற்றுநோய் வரும், பிள்ளைகள் ஊனமாய்ப் பிறக்கும் என்ற பயம் ஊர்களில் பரவிற்று. உண்மை என்ன? நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்பொழுதும் கொட்டிக்கொண்டிருப்பது. நம் கட்டைவிரல் நகமளவு இடத்தின் வழியாக விநாடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. உடம்பை ஒன்றும் செய்வதில்லை. 50,000 டன் காந்த இரும்பை வைத்து மலைக்குள் அமைக்க இருந்த கருவி அதை உண்டாக்குவதற்கல்ல. வருவதைப் பிடித்துப் பார்ப்பதற்கே. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் நம்மவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் மக்கள் முட்டாள்களா? ஒருக்காலும் இல்லை. மலையைக் குடைய வெடி வைத்தால் என்னாகும், மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் என்ன வழி, காடு என்னாகும் என்ற கேள்விகள் முழுக்க நியாயமானவை. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சரியாகக் கவனிக்காமல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயமே 2017-ல் நிறுத்தி வைத்தது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார், புலிகள் நடமாடும் வழி என்ற காரணத்தைச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஆட்சேபித்தது. ஆய்வுக்கூடம் அங்கே வரலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் இதுதான். நியாயமான பயத்தையும் நியாயமற்ற பயத்தையும் தனித்தனியாகப் பிரித்து, “இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, காரணம் இது, இதற்குப் பயப்படுவது நியாயம், நாங்கள் செய்யப் போகும் பரிகாரம் இது” என்று சொல்வதல்லவா யோக்கியமான பிரசாரம்? எல்லாவற்றிற்கும் ஒரே வார்த்தையாக “பயப்படாதே” என்றால், நியாயமானதை மறைக்கிறவன் என்ற சந்தேகம் நியாயமற்ற பயத்துக்கும் உரம் போட்டுவிடாதா? மற்றொரு பக்கம், மலைக்காகவும் தண்ணீருக்காகவும் போராடுகிறவர்களுக்குப் புற்றுநோய்ப் பூச்சாண்டி எதற்கு? பொய்யைத் துணைக்கு அழைத்தால், உண்மையான குறையும் அதோடு சேர்ந்து பொய்யாகிவிடும் அல்லவா?

விளம்பரப் பணம்

நிற்க. பத்திரிகைகள் திருந்தாததற்கு ஒரு பெரிய காரணம் பணம். சர்க்கரை வியாதி, புற்றுநோய் முதலியவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதும், அதை வெளியிடுவதில் பங்கு கொள்வதும் 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம். சட்டம் இருந்து என்ன? 2020 ஜூனில், கரோனாவைக் குணப்படுத்தும் என்று பதஞ்சலி கம்பெனி ‘கரோனில்’ என்ற மருந்தைக் கொண்டுவந்தது. விளம்பரத்தை நிறுத்தும்படி ஆயுஷ் மந்திரி இலாகாவே சொல்ல வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியில் அதே மருந்தை மத்திய சுகாதார மந்திரியையே மேடையில் வைத்துக்கொண்டு மறுபடியும் வெளியிட்டார்கள். தான் எந்த நாட்டு மருந்துக்கும் கரோனாவுக்கென்று அத்தாட்சி கொடுக்கவில்லை என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் மறுத்தது. கடைசியில் 2024-ல் பொய் விளம்பர வழக்கில், “மன்னிப்பும் விளம்பரத்தின் அளவுக்கு இருக்கிறதா?” என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. நல்ல கேள்வி! ஆனால் அந்த விளம்பரங்களை வாங்கிப் போட்டு, பணத்தையும் வாங்கிப் பெட்டியில் போட்ட பத்திரிகைகள் எந்த அளவில் மன்னிப்புப் போட்டன?

இதைப் படித்து, “வடக்கத்தி மருந்தைத்தானே சொல்லுகிறான்” என்று சந்தோஷப்படும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீரை நம் நாட்டிலும் ஊர் ஊராகக் கொடுத்தார்கள். 2017-ல் சினிமா நடிகர் கமல்ஹாசன், சரியான ஆராய்ச்சி முடிவு தெரியும் வரையில் அதை விநியோகிக்க வேண்டாமென்று தம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டதும், தமிழுக்கே துரோகம் செய்துவிட்டதுபோல் கூச்சல் கிளம்பிற்று. பிறகு வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் அது டெங்குக் கிருமியை ஓரளவு தடுத்ததாகக் கண்டார்கள். மேற்கொண்டு ஆராய இது நல்ல காரணம்; “குணமாக்கும்” என்பதற்கு ருசுவாகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் கிருமியைக் கொல்லச் சாராயமும் போதும். அதற்காகச் சாராயத்தை மருந்தென்று குடிப்பீர்களா? தமிழ் மருந்தானாலும், இங்கிலீஷ் மருந்தானாலும், எந்த ஜாதி மருந்தானாலும் பரீட்சை ஒன்றேதான் இருக்க வேண்டும். நம்முடையது என்பதற்காக ஒன்றை நம்புவதும், நம் முன்னோர் சொன்னது என்பதற்காக நம்புவதும் ஒரே மூட நம்பிக்கையின் இரண்டு கிளைகளே.

என்ன செய்ய வேண்டும்?

விஞ்ஞானிகளுக்குச் சொல்லுகின்றோம்: உங்கள் சம்பளம் பெரும்பாலும் மக்கள் வரிப்பணம். மக்கள் பாஷையில், அளவோடு, தெரிந்ததை இவ்வளவென்றும் தெரியாததை இவ்வளவென்றும் சொல்லுவது நீங்கள் செய்யும் தர்மமல்ல, பட்ட கடன்.

பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லுகின்றோம்: அமுதம் என்று முதல் பக்கத்தில் போட்டால், அமுதமில்லை என்பதையும் முதல் பக்கத்தில் போடுங்கள். முடியாவிட்டால் இரண்டையும் போடாதீர்கள்.

வாசகர்களாகிய தோழர்களுக்கு நாம் சொல்லுவது, ஐந்தே கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்பதே. சோதித்தது மனிதனையா, எலியையா? எத்தனை பேரை? அந்த மருந்து சாப்பிடாத இன்னொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டார்களா? “இரண்டு மடங்கு”, “பாதி” என்றால் எத்தனை பேரில் எத்தனை பேர்? பணம் யாருடையது? இந்த ஐந்துக்கும் பதிலில்லாத செய்தியை, ஜோசியப் பலனைப் போல் படித்துவிட்டு, டீக் கிளாஸோடு வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

அந்த டீக்கடைத் தோழரை அன்றைக்கே இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொன்னோம். பத்திரிகையை இரண்டு தரம் திருப்பிப் படித்தார். ஒன்றுக்கும் பதிலில்லை. முகம் சுண்டிவிட்டது. சுருளிப்பட்டி விவசாயிதான் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, “வாங்க, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்துவிட்டு வருவோம். பழம் எங்கே போகப் போகிறது” என்று அழைத்துக்கொண்டு போனார்.

பழம் விற்றுப் பிழைக்கும் அந்த மனிதனுக்கு இருந்த நாணயம், செய்தி விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு என்றைக்கு வரும்?

நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். இதே ஐந்து கேள்விகளை நம்மிடமும் கேளுங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.